ஊதா போகும் வரை

மூத்தவளுக்குப் புளிப்பு பிடிக்கும், இளையவளுக்குக் கசப்பு. கழிவுநீர்ப் பிரிவில் புதிதாகச் சேரும் எவனுக்கும் முதலில் சொல்லித் தரப்படுவது இதுதான். மூத்தவள், இளையவள் என்பவை அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எஃகு டவர்கள். இரண்டின் வயிற்றிலும் ரெசின், அதாவது கடுகைவிடச் சின்ன வெள்ளைப் பிளாஸ்டிக் குண்டுகள், மூட்டை மூட்டையாகக் கொட்டப்பட்டிருக்கின்றன. பெயர் வைத்தது யார் என்று தெரியாது. இரண்டு கட்டியவனாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் இரண்டு பேரிடமும் அடி வாங்கியவனாக இருக்க வேண்டும் என்பது பிரிவில் பொதுவான கருத்து.

தொழிற்சாலை சாயத்துக்கான மூலப்பொருட்களைத் தயாரிக்கிறது. அதன் அழுக்குத் தண்ணீரில் முக்கியமாக இரண்டு சாமான்கள் வரும். ஒன்று சாலிசிலிக் அமிலம், இன்னொன்று அனிலின் என்கிற காரம். குணத்தில் எதிரும் புதிருமாக இருந்தாலும் இரண்டும் ஒரே குடும்பம். ஆறு கரி அணுக்கள் கைகோத்து நிற்கும் வளையம் இரண்டிலும் உண்டு. அந்த வளையத்துக்குத் தண்ணீர் ஆகாது. ரெசின் குண்டைக் கண்டால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மூலக்கூறு மின்னேற்றம் பெற்றுவிட்டால் கதையே வேறு. தண்ணீர்தான் உறவு, ரெசின் யாரோ எவரோ. புளிப்பான தண்ணீரில் அமிலம் தன் இயல்பில் இருக்கும், ஒட்டும். கசப்பான, அதாவது காரம் கலந்த தண்ணீரில் அதே அமிலம் உப்பாகி மின்னேற்றம் பெறும், ஒட்டாது. அனிலினுக்கு எல்லாம் தலைகீழ்.

அதனால்தான் இரண்டு டவர். பகலில் வரும் தண்ணீரைப் புளிப்பாக்கி மூத்தவளிடம் விடுவார்கள். அமிலம் அங்கே சிக்கிக்கொள்ளும், அனிலின் கையை வீசிக்கொண்டு வெளியே வரும். நடுவில் ஒரு கலக்கும் தொட்டி. அதில் காஸ்டிக் சோடா ஊற்றித் தண்ணீரைக் கசப்பாக்கி இளையவளிடம் அனுப்புவார்கள். அங்கே அனிலின் சிக்கும். அதற்குப் பிறகு வரும் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகலாம்.

இரவில் அழுக்குத் தண்ணீர் வராது. அப்போது டவர்களைக் கழுவ வேண்டும். கழுவுவது என்றால் அவரவருக்குப் பிடிக்காததைக் கொடுப்பது: மூத்தவளுக்குக் காஸ்டிக், இளையவளுக்கு ஆசிட். பகல் முழுக்க முந்தானையில் முடிந்து வைத்திருந்ததையெல்லாம் இருவரும் உதறிவிடுவார்கள். அந்தக் கழுவல் தண்ணீரை லாரி வந்து எடுத்துக்கொண்டு போகும்.

கழுவுகிற வேலை பாதி டிகிரியுடையது. அவனுக்கு வீட்டில் வேறு பெயர் உண்டு, சம்பளப் பட்டியலில் இன்னும் நீளமாக உண்டு, ஆனால் தொழிற்சாலை வாசலுக்குள் நுழைந்தால் பாதி டிகிரிதான். வேதியியல் பட்டப்படிப்பில் சேர்ந்து கடைசி வருஷத்துக்குப் போகாமல் நின்றவன். ஏன் நின்றாய் என்று கேட்டால், போகவில்லை, அதனால் நின்றுவிட்டேன் என்பான். பெரிய கதையெல்லாம் இல்லை. காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. அப்படிப்பட்டவனுக்கு இரவு வேலை சௌகரியமாகத்தான் இருந்தது, கல்யாணம் ஆகும்வரை.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பெயர் பதிகிற கவுண்டரில் வேலை, காலையில் போய் மாலையில் வருவாள். அவன் காலையில் வருவான், மாலையில் போவான். வீட்டில் ஒரே ஸ்கூட்டர். அவன் வந்து மாடிப்படியின் கீழே நிறுத்துவான், அவள் இறங்கி வந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புவாள். அவள் உட்காரும்போது சீட்டில் அவன் சூடு இருக்கும். மாலையில் அவன் உட்காரும்போது அவள் சூடு. அவர்கள் குடித்தனம் பெரும்பாலும் அந்தச் சீட்டில்தான் நடந்தது.

மாமியார் கூடவே இருந்தாள். பகலில் மாப்பிள்ளை தூங்குகிறான் என்று பாத்திரத்தைக்கூடப் பஞ்சு போலக் கீழே வைப்பாள். வாயை மட்டும் அப்படி வைக்கத் தெரியாது.

"மாப்ளே, தப்பா நினைச்சுக்காதீங்க. வௌவாலும் கோழியும் ஒரே கூட்டுல இருந்தா முட்டை எங்கேருந்து வரும்?"

"அம்மா, நீ சும்மா இரு," என்பாள் மகள்.

"நான் சும்மாதான் இருக்கேன். நீங்களும் சும்மாவே இருக்கீங்களேன்னுதான் கேக்குறேன்."

பகல் ஷிஃப்ட் என்பது அந்த வீட்டில் ஒரு சாமி பெயர் மாதிரி ஆகிவிட்டிருந்தது. அது கிடைக்கும் என்பதற்கு ஒரே நம்பிக்கை, அவன் போட்ட குழாய்.

விஷயம் இதுதான். மூத்தவளைக் கழுவி வந்த காஸ்டிக்கைத் தொட்டால் இன்னும் வழவழவென்று வழுக்கும். அதில் பலம் பாதிக்குமேல் மிச்சமிருந்தது. அதை லாரிக்காரன் எடுத்துப் போகிறான். மறுநாள் பகலில் நடுத்தொட்டியில் தண்ணீரைக் கசப்பாக்கப் புதுக் காஸ்டிக்கை ஊற்றுகிறார்கள். ஒரு கையில் இருப்பதைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொரு கையால் கடைக்குக் காசு கொடுப்பது போல அது அவனுக்குத் தோன்றியது. கழுவல் காஸ்டிக்கை ஒரு தொட்டியில் சேர்த்து, அங்கிருந்து நடுத்தொட்டிக்கு ஒரு குழாய் போட்டால் போதும் என்று மேனேஜரிடம் சொன்னான். மேனேஜர் நல்ல மனிதர், யோசனை தனக்கே தோன்றியது போல ஒரு படம் வரைந்து மேலே அனுப்பினார். கீழே இவன் பெயரையும் சின்னதாகப் போட்டார். குழாய் வந்தது. காஸ்டிக் லாரி வருவது பாதியாகக் குறைந்தது. கழுவல் லாரிக்காரன், "என் வயித்துல அடிச்சிட்டியே பாதி டிகிரி," என்று கேட்டுவிட்டுப் போனான்.

பகல் மேற்பார்வையாளர் ஓய்வு பெறுகிற நேரமும் கூடி வந்தது. அந்த இடம் உனக்குத்தான் என்று மேனேஜர் வாய்விட்டே சொன்னார். திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், குழாயைப் பார்ப்பார், கையோடு உத்தரவு.

அதைக் கேட்ட அன்றே மனைவி படுக்கையறை ஜன்னலைக் காலி செய்தாள். அவன் பகலில் தூங்குவதற்காகக் கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. தண்ணீர் தெளித்து, நகத்தால் சுரண்டி, கிழித்துப் போட்டாள். அறைக்குள் வெயில் வந்தது. சுவரில் இவ்வளவு ஒட்டடை இருந்ததா என்று மூவரும் நின்று பார்த்தார்கள்.

"உத்தரவு இன்னும் வரலையே. அதுக்குள்ள ஏன்?" என்றான் அவன்.

"வரும்ல?"

"வரும்."

"அப்புறம் என்ன? ஒரு வாரம் மூஞ்சில துண்டைப் போட்டுக்கிட்டு தூங்குங்க."

அவன் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினான்.

வெள்ளிக்கிழமை காலை, ஷிஃப்ட் முடிகிற நேரம். பகல் தண்ணீர் ஓட ஆரம்பித்திருந்தது. பிரிவைக் கூட்டிக் கழுவுகிற அக்கா தரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இளையவளுக்குப் பக்கத்தில் பழைய பம்பு ஒன்று பல வருஷம் கிடந்தது. பெரிய அதிகாரி வருகிறார் என்று அதைத் தூக்கிவிட்டார்கள். இருந்த இடத்தில் பூட்ஸ் வடிவத்தில் துருக்கறை. அக்கா அதில் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றினாள். துரு கரைந்து மஞ்சளாக ஓடியது. அலசுவதற்கு, வழக்கம்போல, இளையவளிடமிருந்து தண்ணீர் வெளியே வரும் வாசல் குழாயில் ஓஸை மாட்டினாள். நல்ல தண்ணீர்க் குழாய் தூரம் என்பது ஒரு காரணம். அந்தத் தண்ணீரில் காஸ்டிக் இருப்பதால் சோப்பு போட்டது போல அழுக்கு போகும் என்பது அவள் கண்டுபிடிப்பு.

"ஏம்பா பாதி டிகிரி, இங்க வா. உங்க இளையவ சீர் வரிசை அனுப்பியிருக்கா பாரு."

"என்னக்கா?"

"நீயே வந்து பாரு. தரைக்குக் கலர் அடிச்சுட்டா."

போய்ப் பார்த்தான். தரை ஊதாவாக இருந்தது. ஏதோ கொஞ்சம் ஊதா என்று சொல்லித் தள்ள முடியாது. கத்தரிக்காய்த் தோலை விரித்துப் போட்ட மாதிரி இருந்தது. ஓஸ் தண்ணீர் படப்படப் பரவியது. ஆசிட் அதிகமாகத் தேங்கிய நடுவில் மட்டும் மஞ்சளாக நின்றது. தண்ணீர் போய்ச் சேர்ந்ததும் அதுவும் ஊதா ஆனது.

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"இதுக்கு முன்னாடி இங்க ஆசிட் எதுக்கு ஊத்தப் போறேன்? பம்பு இருந்த இடமாச்சே. ஏன், கையில பட்டா ஏதாவது ஆகுமா?"

"இல்லக்கா. கையைக் கழுவிக்கோங்க."

"அதையும் இந்தத் தண்ணியிலயா கழுவ?"

அவன் சிரிக்கவில்லை. அக்கா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, நல்ல தண்ணீர்க் குழாயை நோக்கி நடந்தாள்.

படிப்பில் அவனுக்கு நினைவிருந்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் இது ஒன்று. இரண்டாம் வருஷச் செய்முறைத் தேர்வில், சோதனைக் குழாயில் இரும்புக் குளோரைடைச் சொட்டியதும் ஊதா வந்தது, சாலிசிலிக் அமிலம் என்று எழுதினான், முழு மதிப்பெண். வாழ்க்கையில் அவன் வாங்கிய ஒரே முழு மதிப்பெண் அதுவாக இருக்கலாம். துருவும் கக்கூஸ் ஆசிட்டும் சேர்ந்தால் இரும்புக் குளோரைடு. அப்படியானால் இளையவளிடமிருந்து வெளியே போகும் தண்ணீரில் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. மூத்தவளோடு முடிந்துபோயிருக்க வேண்டிய சாமான்.

எப்படி வந்தது என்று யோசிக்க அவனுக்கு நேரம் ஆகவில்லை. யோசிக்காமல் இருந்ததற்குத்தான் இத்தனை மாதம் ஆகியிருந்தது. கழுவல் காஸ்டிக்கில் பலம் மிச்சமிருக்கிறது என்று பார்த்தவன், அதில் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. மூத்தவள் பகல் முழுக்கப் பிடித்து வைத்த அமிலம் முழுவதும் அதில்தான் இருந்தது. அதைத் தொட்டியில் சேர்த்து, குழாய் போட்டு, நடுத்தொட்டி வழியாக இளையவளிடம் கொண்டுபோய் விட்டது அவன்தான். கசப்புத் தண்ணீரில் வரும் அமிலத்தை இளையவள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். அது நேராக வாய்க்காலுக்குப் போயிருக்கிறது. ராத்திரி ராத்திரியாகக் கழுவி, பகல் பகலாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

ஆய்வகம் தினமும் சோதிக்கத்தான் செய்தது. அமிலத்துக்கான மாதிரியை மூத்தவளின் வாசலில் எடுப்பார்கள், அனிலினுக்கான மாதிரியை இளையவளின் வாசலில். இரண்டுமே சுத்தமாக இருந்தன, உண்மையாகவே சுத்தமாக இருந்தன. இளையவளின் வாசலில் அமிலம் உண்டா என்று கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை; அவளுக்கு முன்னால் அமிலத்தின் கதை முடிந்துவிட்டதே. தொழிற்சாலைத் தண்ணீர் எல்லாம் சேர்கிற கடைசித் தொட்டியில் அழுக்கின் அளவு கொஞ்சம் ஏறியிருந்தது. அதைக் கேன்டீன் தலையில் கட்டினார்கள். கேன்டீன்காரன் எண்ணெயைக் குறைத்தான். சாப்பாடு சப்பென்று ஆனதுதான் மிச்சம்.

பகல் ஷிஃப்டுக்கு மீசை வந்தான். அவனும் இவனைப் போலவே ஆபரேட்டர். மீசையை மழித்துப் பல வருஷம் ஆகியும் பெயர் போகவில்லை. தரையைப் பார்த்தான். இவன் சொன்னதைக் கேட்டான். அவசரப்படாமல் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"யாருக்குத் தெரியும்?"

"உனக்கு, எனக்கு. அக்காவுக்குக் கலர் மட்டும் தெரியும்."

"சரி. வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ மச்சான்."

"வாய்க்காலுக்குப் போகுதுடா."

"இன்னைக்கா போகுது? குழாய் போட்ட நாள்லேருந்து போகுது. இன்னும் மூணு நாள் போனா வாய்க்கால் வத்திடுமா? திங்கக்கிழமை ஆர்டர் கைக்கு வரட்டும். செவ்வாய்க்கிழமை நீ மேற்பார்வையாளர். மேற்பார்வையாளரா நின்னு, 'ஒரு சின்னத் திருத்தம் பண்ணலாம்னு இருக்கேன்'னு சொல்லு. பாராட்டுவாங்க. இன்னைக்குச் சொன்னா உன் தோலை உரிப்பாங்க. ரெண்டும் ஒரே விஷயம்தான், நாள்தான் வேற."

அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. மீசையிடம் எப்போதும் அப்படித்தான், கணக்கு சரியாக வரும்.

வீட்டுக்கு வந்தான். மனைவி படியில் நின்றாள்.

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"தூக்கம்."

"இன்னும் ரெண்டு மூணு ராத்திரிதான்." சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். தெருமுனையில் திரும்பும்போது ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள். அவள் வழக்கமாக அப்படிச் செய்கிறவள் அல்ல.

படுத்தான். வெயில் ஜன்னல் வழியாக வந்து காலில் ஏறி, வயிற்றுக்கு வந்து, துண்டின் மேல் நின்றது. தூக்கம் வராததற்கு வெயில்தான் காரணம் என்று கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டான். வாய்க்காலில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தான், தெரியவில்லை. மீன் செத்ததாக யாரும் சொல்லவில்லை. அங்கே மீன் இருந்ததாகவும் யாரும் சொன்னதில்லை. அவனை உறுத்தியது மீன் இல்லை. செவ்வாய்க்கிழமை திருத்தம் என்று சொல்லப் போகிறவன், திங்கட்கிழமை அந்தக் குழாயின் பக்கத்தில் நின்று கை குலுக்கியிருப்பான். அதற்குள் மூன்று ராத்திரி அவனே மூத்தவளைக் கழுவி அந்தத் தொட்டியை நிரப்பியிருப்பான், தெரிந்தே. இதுவரை நிரப்பியது தெரியாமல். மீசையின் கணக்கில் இந்த வித்தியாசத்துக்குக் கட்டம் இல்லை.

சாயங்காலம் மாமியார் டீ கொண்டுவந்து வைத்தாள்.

"தூங்கினீங்களா மாப்ளே?"

"தூங்கினேன் அத்தை."

"பொய். கட்டில் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. திங்கக்கிழமை நினைப்பா?"

"ஆமா."

"எனக்கும்தான். சட்டை துவைச்சு வெச்சிருக்கேன், அந்த நீலம்."

அன்று வேலைக்குப் போய் மூத்தவளைக் கழுவினான். கழுவல் காஸ்டிக்கைத் தன் தொட்டிக்கு விடவில்லை. வால்வைத் திருப்பி, லாரிக்கான பழைய தொட்டிக்கு விட்டான். அவ்வளவுதான் செய்தான். வேறு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. காலையில் நடுத்தொட்டிக்கு ஊற்றப் பழைய காஸ்டிக் இருக்காது, புதுக் காஸ்டிக்கைத் திறப்பார்கள், அளவு இறங்கும், காஸ்டிக் அளவு இறங்கினால் மேனேஜருக்கு மூக்கில் வியர்க்கும்.

வியர்த்தது. சனிக்கிழமை காலை அவன் கிளம்புவதற்குள் கூப்பிட்டனுப்பினார்.

"என்னப்பா இது? குழாய் போட்ட நாள்லேருந்து இல்லாத செலவு, பெரியவர் வர்ற நேரத்துலயா? வால்வு ரிப்பேரா?"

"இல்ல சார். நான்தான் மூடினேன்."

"ஏன்?"

அவன் இரண்டு கண்ணாடி டம்ளர்களை மேஜைமேல் வைத்தான். ஒன்றில் மூத்தவளின் வாசல் தண்ணீர். இன்னொன்றில் இளையவளின் வாசல் தண்ணீர், குழாயை மூடும் முன் வெள்ளிக்கிழமை பிடித்து வைத்தது. கொஞ்சம் ஆசிட், ஒரு சொட்டுத் துருக் கரைசல். முதல் டம்ளர் அப்படியே இருந்தது. இரண்டாவது ஊதா ஆனது.

மேனேஜர் பொறியாளர். வேதியியல் அவருக்கு மறந்துபோயிருந்தது, ஆனால் டம்ளர் எந்தக் குழாயில் பிடித்தது என்பது புரிந்தது. அவர் முகத்தில் ஒவ்வொன்றாக இறங்குவது இவனுக்குத் தெரிந்தது: முதலில் அமிலம், அப்புறம் வாய்க்கால், கடைசியாக மேலே அனுப்பிய படத்தில் கொட்டை எழுத்தில் இருந்த அவருடைய பெயர்.

"இளையவகிட்ட அமிலம் டெஸ்ட் பண்ண மாட்டோமா நாம?"

"மாட்டோம் சார்."

"ஏன் மாட்டோம்?"

"அவளுக்கு முன்னாடியே முடிஞ்சிடும்னு."

"எந்த மடையன் அப்படி முடிவு பண்ணது?"

"குழாய்க்கு முன்னாடி அது சரிதான் சார். குழாய் போட்டப்பதான் மாத்தியிருக்கணும். எனக்குத் தோணல."

மேனேஜருக்கும் தோன்றவில்லை. அதை இருவருமே சொல்லவில்லை. அவர் எழுந்து கதவைச் சாத்தினார், மறுபடி உட்கார்ந்தார், டம்ளரை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார், அது தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல.

"நாளைக்கு மறுநாள் அவர் வந்து நிப்பார். என்னத்தைக் காட்டுறது? மூடின வால்வையா?"

இதற்குப் பதில் அவனிடம் இருந்தது. ராத்திரி மூத்தவளைக் கழுவும்போது பார்த்ததுதான். காஸ்டிக் விட்டவுடன் முதலில் வருவதில் அமிலம் குவியலாக வரும். போகப் போகக் குறையும். கடைசியில் வருவது ஏறக்குறைய வெறும் காஸ்டிக். முதலில் வருவதை லாரிக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் வருவதை மட்டும் நடுத்தொட்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

"முழு மிச்சம் கிடைக்காது சார். பாதி கிடைக்கும். ஆனா வாய்க்காலுக்கு ஒண்ணும் போகாது."

மேனேஜரின் முதுகு நிமிர்ந்தது. "எந்த இடத்துல மாத்தணும்னு எப்படித் தெரியும்? மணி பார்த்தா?"

"மணி சரிப்பட்டு வராது. பகல்ல எவ்வளவு அமிலம் வந்துச்சோ அதுக்குத் தகுந்த மாதிரிதான் விடுவா. ஒருநாள் சீக்கிரம் விடுவா, ஒருநாள் பிடிச்சு வெச்சுக்கிட்டு இழுப்பா. கொஞ்சம் கொஞ்சமாப் பிடிச்சு, ஆசிட் விட்டு, இரும்புச் சொட்டு விட்டுப் பாக்கணும். ஊதா வராம போச்சுன்னா அப்ப வால்வைத் திருப்பணும்."

"டெய்லியா?"

"டெய்லி."

"ராத்திரியா?"

"கழுவுறது ராத்திரிதானே சார்."

சொல்லி முடிக்கும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. மேனேஜருக்குக் கொஞ்சம் கழித்து விளங்கியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மீசையை நைட்ல போட்டா பாத்துக்குவானா?"

பாத்துக்குவான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மீசை நிற்பான், ஆனால் எந்த ராத்திரி ஊதா போக மறுக்கிறதோ அந்த ராத்திரி, கணக்குப் பார்த்து, போதும் என்று திருப்பிவிடுவான். இது மேனேஜருக்கும் தெரியும். அவர் கேட்டது பதிலுக்காக இல்லை.

"தெரியல சார்," என்றான்.

"எனக்குத் தெரியும். நீ இல்லாம ஒரு ராத்திரி தப்பா போனா, அப்ப ரெண்டு பேரும் தெருவுலதான் நிக்கணும்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "பகலுக்கு மீசை இருக்கட்டும். உனக்கு வேற ஏதாவது பண்ணித் தர்றேன். இதுவரைக்கும் போனதைப் பத்தி நான் மேல எழுதிக்கிறேன்."

எழுதினாரா என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் அன்றே ஆய்வகத்திலிருந்து ஆட்கள் வந்து, இளையவளின் வாசலில் இன்னொரு மாதிரிக் குழாய் வைத்தார்கள். அதில் 'அமிலம்' என்று சீட்டு ஒட்டினார்கள்.

மீசை வெளியே காத்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"நான் சொன்னதைக் கேட்டியா நீ? ஆர்டர் போச்சா?"

"போகல. உனக்கு வருது."

மீசை உதட்டுக்கு மேலே கையை வைத்துத் தடவினான், இல்லாத இடத்தில். "நான் கேக்கலடா," என்றான். அது உண்மைதான், அவன் கேட்கவில்லை.

மனைவி படியில் இல்லை, தெருவிலேயே நின்றாள். அவளுக்கு நேரமாகிவிட்டிருந்தது. "எங்க போய்த் தொலைஞ்சீங்க? கவுண்டர்ல இந்நேரம் வரிசை வாசலைத் தாண்டியிருக்கும்."

அவன் வண்டியிலிருந்து இறங்காமலேயே சொன்னான். முழுக்கச் சொன்னான், ஊதாவிலிருந்து மீசை வரைக்கும். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். ஆஸ்பத்திரி கவுண்டரில் உட்காருகிறவள், ஆட்கள் கெட்ட செய்தியைக் கோர்வையில்லாமல் சொல்வதைக் கேட்டுப் பழகியவள்.

"ஆக, நீங்களே பண்ணி, நீங்களே கண்டுபிடிச்சு, நீங்களே சொல்லி, நீங்களே வழியும் சொல்லி, நீங்களே மாட்டிக்கிட்டீங்க."

"ஆமா."

"மூணு நாள் பொறுக்க முடியல."

"தெரியாம பண்ணா பொறுத்திருக்கலாம்."

"அந்தத் தண்ணி நம்ம வீட்டுக்கா வருது?"

"இல்ல."

"யார் வீட்டுக்கு?"

"தெரியாது."

அவள் அவனையே பார்த்தாள். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க அவன் முயற்சி செய்யவில்லை. "இறங்குங்க," என்றாள். இறங்கினான். அவள் ஏறி, சீட்டின் முன்பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, கை காட்டாமல் போனாள்.

மாமியாரிடம் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கேட்டிருந்தாள். நீலச் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள். முட்டையைப் பற்றி எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது.

துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தான். இரண்டு நாள் தூக்கம் சேர்ந்து அடித்தது. விழித்தபோது கும்மிருட்டு. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று பதறி எழுந்து உட்கார்ந்தான். ஜன்னலோரத்தில் ஸ்டூல்மேல் மனைவி நின்றுகொண்டிருந்தாள், கை முழுக்கப் பசை. ஜன்னலில் கறுப்புத் தாள்.

"மணி என்ன?"

"மதியம்தான். தூங்குங்க."

"நீ எப்படி?"

"அரை நாள் லீவு." தாளின் ஓரத்தை உள்ளங்கையால் தேய்த்தாள். "கிழிச்சவதானே ஒட்டணும். தாள் பத்தல. மேல கொஞ்சம் வெளிச்சம் வரும்."

மேலே ஒரு விரல் அகலத்துக்கு வெயில் தெரிந்தது. அது கூரையில் ஒரு கோடாக விழுந்திருந்தது.

"பரவாயில்ல," என்றான்.

அவள் இறங்கி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கையில் பசை காயும்வரை எதையும் தொடாமல் இருந்தாள். அடுத்த அறையில் மாமியார் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். மாப்பிள்ளை தூங்குகிற நேரத்தில் அவள் அப்படி வைத்தது அதுவே முதல் தடவை.

திங்கட்கிழமை பெரிய அதிகாரி வந்தார், வால்வைப் பார்த்தார், மேனேஜரிடம் கை குலுக்கினார், புது மேற்பார்வையாளரிடமும் குலுக்கினார். துருக்கறை இருந்த இடத்தில் தரை பளிச்சென்று இருந்தது. அக்கா அதை இந்தத் தடவை நல்ல தண்ணீரில் அலசியிருந்தாள்.

இப்போது ஒவ்வொரு ராத்திரியும் மூத்தவளின் அடியில் ஒரு பலகை, அதன்மேல் வரிசையாக டம்ளர்கள். முதல் டம்ளர் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். அடுத்தடுத்தவை வெளுத்துக்கொண்டே போகும். ஒரு டம்ளரில் நிறமே வராமல் போகும்போது பாதி டிகிரி எழுந்துபோய் வால்வைத் திருப்புவான். சில ராத்திரி அது சீக்கிரம் நடக்கும். சில ராத்திரி மூத்தவள் பிடித்துக்கொண்டு இழுப்பாள், விடிந்து, மீசை வந்து, டீ குடித்து, "இன்னுமா?" என்று கேட்ட பிறகும் டம்ளரின் அடியில் ஊதா நிற்கும். அந்த நாட்களில் அவன் மனைவி பஸ்ஸில் போவாள்.